நான் எழுதிய பொய்க் கணக்கு

மெல்பர்னின் தென்கிழக்குப் புறநகர் ஒன்றில், ஓர் இந்திய உணவகத்தில், 2016 முதல் 2020 வரை என்னோடு வேலை செய்த மாணவர்களின் கூலியை நான் குறைத்துக் கொடுத்தேன். முதலாளி சொன்னார், நான் செய்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மிச்சமான பணம் அவருடைய பைக்குத்தான் போனது என்பதும் உண்மை. ஆனால் மணிக்கணக்கை எழுதியவன் நான். வெள்ளிக்கிழமை இரவு உறைகளில் காசை எண்ணிப் போட்டவன் நான். கேள்வி கேட்டவர்களை மிரட்டி உட்கார வைத்தவனும் நான். பிற்பாடு அவர்கள் அந்தப் பணத்தை மீட்க முயன்றபோது, எனக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று பயந்து வாயைத் திறக்காமல் இருந்தேன். இரண்டையும் எழுத வேண்டும். இரண்டாவதுதான் பெரிய குற்றம் என்று நினைக்கிறேன்.

நானும் மாணவனாக வந்தவன்தான். 2014இல் அக்கவுண்டிங் முதுகலை படிக்க வந்தேன். பி.ஆர். எனும் நிரந்தரக் குடியிருப்பு உரிமை கிடைக்கும் என்று நம்பி அந்தப் படிப்புக்கு அப்போது நிறையப் பேர் வந்தோம். ஊரில் அப்பா வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கியிருந்தார். வந்த மாதமே அந்த உணவகத்தில் பாத்திரம் கழுவச் சேர்ந்தேன். முதல் வாரம் ‘ட்ரெய்னிங்’, சம்பளம் கிடையாது. அப்புறம் மணிக்கு 9 டாலர், கையில் கேஷ். அந்த ஆண்டு ஜூலையிலிருந்து ஆஸ்திரேலியாவில் தேசியக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 16.87 டாலர். கேஷுவல் ஆளுக்குச் சம்பளத்தோடு விடுப்பு இல்லை என்பதால் அதன்மேல் 25 சதவீதம் கூட்டித் தர வேண்டும். ஆக, 21 டாலருக்குக் குறையக் கூடாது. இதெல்லாம் எனக்குத் தெரியாது. ஒன்பதை ஐம்பத்தைந்தால் பெருக்கி, ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு ரூபாயா என்று அம்மாவிடம் போனில் சொன்னேன்.

தெரியாது என்ற அந்தச் சாக்கு 2015 ஆகஸ்ட் கடைசியோடு முடிந்துவிட்டது. ஏ.பி.சி. தொலைக்காட்சியின் ‘ஃபோர் கார்னர்ஸ்’ நிகழ்ச்சியில் செவன் இலெவன் கடைகளைப் பற்றிய விசாரணை வந்தது. ஷேர் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் தரையில் உட்கார்ந்து பார்த்தோம். இரவெல்லாம் கவுண்டரில் நின்ற மாணவர்களுக்குப் பாதிச் சம்பளம். செய்த வேலை நேரத்தில் பாதியை மட்டும் பதிவேட்டில் ஏற்றினால், காகிதத்தில் கூலி சரியாக இருக்கும். கேள்வி கேட்டால் விசா பயம் காட்டுவார்கள். பிற்பாடு இன்னொரு வழியும் வெளியே வந்தது: முழுச் சம்பளத்தையும் வங்கியில் போட்டுவிட்டு, ஒரு பகுதியைக் கேஷாகத் திருப்பி வாங்கிக்கொள்வது. அந்த நிறுவனம் கடைசியில் 15 கோடி டாலருக்கு மேல் மாணவர்களுக்கும் மற்றத் தொழிலாளர்களுக்கும் திருப்பிக் கொடுத்தது. நிகழ்ச்சி வந்த அன்று ராத்திரி எங்கள் கூடத்தில் யாரும் தூங்கவில்லை. “நம்ம கதைதானடா இது” என்று நான்தான் சொன்னேன்.

அடுத்த வருடம் முதலாளி என்னைக் கூப்பிட்டு, கடையை நீ பார்த்துக்கொள் என்றார். மணிக்கு 16 டாலர். அதுவும் சட்டத்துக்குக் கீழேதான், ஆனால் மற்றவர்களைவிட அதிகம். கூடவே ஒரு வாக்குறுதி: படிப்பு முடிந்ததும் 457 என்ற தற்காலிக வேலை விசாவுக்கு ஸ்பான்சர் செய்வதாக. அந்த விசாவை எடுக்கப்போவதாக 2017 ஏப்ரலில் அரசாங்கம் அறிவித்தது. அதற்குப் பதிலாக வருவதில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். நம்பினேன். அந்த நம்பிக்கைக்காக எதையும் செய்யத் தயாராக இருந்தேன். கடைசியில் எனக்குப் பி.ஆர். புள்ளி முறையில்தான் வந்தது; அவர் எதிலும் கையெழுத்துப் போடவே இல்லை.

என்ன செய்தேன் என்று விவரமாகச் சொல்கிறேன். என்னிடம் நீல அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று இருந்தது. யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், எத்தனை மணிக்குப் போனார்கள் என்ற நிஜக் கணக்கு அதில். கம்ப்யூட்டரில் இன்னொரு கணக்கு. 2018 ஜூலைக்குப் பிந்தைய கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். குறைந்தபட்சக் கூலி 18.93 டாலர், கேஷுவலுக்கு 23.66. உணவகத் தொழிலுக்கென்று உள்ள ‘அவார்டு’ விகிதம் இன்னும் சற்றுக் கூடுதல், ஞாயிற்றுக்கிழமை அதற்கும் மேல். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். ஒரு பையன் வாரம் 20 மணி நேரம் வேலை செய்தான் என்றால் நாங்கள் கொடுத்தது மணிக்கு 10 வீதம் 200 டாலர். கம்ப்யூட்டரில் அவன் பெயருக்கு எதிரே 4 மணி நேரம் என்று போடுவேன். நாலு தரம் 23.66, சுமார் 95 டாலர். அது வங்கிக்குப் போகும். மீதி 105 டாலர் உறையில். ஏன் நாலு மணி நேரம்? மாதச் சம்பளம் 450 டாலருக்குள் இருந்தால் முதலாளி சூப்பர் கட்டத் தேவையில்லை என்ற விதி 2022 ஜூன் வரை இருந்தது. ஓய்வுகாலச் சேமிப்பான அந்த சூப்பர், மாணவன் நாடு திரும்பும்போது வரி போக எடுத்துக்கொண்டு போகக்கூடிய பணம். அதுவும் அவனுக்கு இல்லாமல் போக வேண்டும் என்பதற்காகவே நாலு. இந்த நாலு என்ற எண்ணை முதலாளி சொல்லவில்லை. வகுப்பில் படித்த அக்கவுண்டிங்கை வைத்து நான் கண்டுபிடித்துச் சொன்னேன். அவர் முதுகில் தட்டிக் கொடுத்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமையைத்தான் இன்று நினைக்கவே முடியவில்லை.

2017 நவம்பரில் ஒரு ஆய்வு வந்தது. சட்டப் பேராசிரியர்கள் லாரி பெர்க், பசினா ஃபார்பன்ப்ளும் இருவரும் தற்காலிக விசாவில் இருந்த 4,322 பேரிடம் கேட்டு எழுதியது. வெளிநாட்டு மாணவர்களில் நாலில் ஒருவர் மணிக்கு 12 டாலரோ அதற்கும் குறைவாகவோ வாங்கினார்கள். குறைவாகத்தான் வாங்குகிறோம் என்பது அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரிந்தும் இருந்தது. மறு வருடம் அவர்களே வெளியிட்ட அடுத்த அறிக்கை, அப்படிக் குறைத்துக் கொடுக்கப்பட்டவர்களில் பத்தில் ஒருவர்கூடப் பணத்தை மீட்க முயலவில்லை என்றது. ஏன் இவர்கள் பேசாமல் இருக்கிறார்கள் என்று கேட்டுப் பல காரணங்களை அந்த அறிக்கை ஆராய்கிறது. எங்கள் கடையில் காரணம் நான்தான்.

புதிதாக வரும் பையன்களை ஏர்போர்ட்டுக்குப் போய்க் கூட்டிவந்தேன். ரூம் பார்த்துக் கொடுத்தேன். ரயில், பஸ்ஸுக்கு மைக்கி கார்டு வாங்குவது, வரி எண்ணுக்கு (டி.எஃப்.என்.) விண்ணப்பம் போடுவது, எந்தக் கடையில் பொன்னி அரிசி கிடைக்கும் என்பதுவரை சொல்லிக் கொடுத்தேன். வீட்டு முன்பணம் கட்டக் காசில்லாதவனுக்கு என் கையிலிருந்து கொடுத்தேன். இதெல்லாம் நடிப்பு இல்லை. அவர்களை எனக்கு நிஜமாகவே பிடிக்கும். ஆனால் அந்தப் பிரியம்தான் முதலாளிக்குப் பயன்பட்டது. ஒரு அந்நியன் 10 டாலர் தருகிறேன் என்றால் விசாரிப்பார்கள். ‘அண்ணா’ சொன்னால் யாரும் விசாரிப்பதில்லை. இந்த ஊரில் எல்லா இடத்திலும் இப்படித்தான், கேஷ் வேலை என்றால் இதுதான் ரேட்டு என்று நான் சொன்னபோது, அதை அவர்கள் சட்டம் மாதிரி எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு வேலை நேரத்தைக் கூட்டிக் கேட்டார்களே தவிர, ரேட்டைக் கேட்கவில்லை.

ஒருவன் கேட்டான். தென்காசிப் பக்கம் ஊர். 2017 ஜூலையில் சேர்ந்தவன். ஐ.டி. முதுகலை. தண்ணீர்க் குழாயடியில் நின்று வேலை பார்த்தே கை வெடித்துப் போனவன். 2018 கடைசியில் அவன் தங்கை படிக்க வருவதாக இருந்தாள். ஷேர் வீட்டில் பெண்பிள்ளையை வைத்துக்கொள்ள முடியாது என்று ஒரு சின்ன யூனிட் எடுக்கப் பார்த்தான். ஏஜென்ட் பே ஸ்லிப் கேட்டார். என்னிடம் கேட்டான். சட்டப்படி, சம்பளம் கொடுத்த ஒரு வேலை நாளுக்குள் பே ஸ்லிப் கொடுத்தாக வேண்டும். நாங்கள் யாருக்கும் கொடுத்ததில்லை. கம்ப்யூட்டரில் இருந்ததை பிரிண்ட் எடுத்து நீட்டினேன். வாங்கிப் பார்த்தவன் அங்கேயே நின்றான்.

“அண்ணே, வாரம் நாலு மணி நேரம்னு போட்டிருக்கு. இருபது மணி நேரம்லா பாக்கேன்?”

“அது அக்கவுண்டன்ட் போடுறதுடா. கைல காசு வருதுல்ல?”

“மணிக்கு இருபத்து மூணு சொச்சம்னு வேற போட்டிருக்கு. நமக்குப் பத்துதானண்ணே தாரீங்க?”

அக்கவுண்டன்ட் போடுவது என்று நான் சொன்னது பொய். நான்தான் போட்டேன். அடுத்து நான் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன். “தீபாவளி ஆர்டர் சமயத்துல ரெண்டு வாரத்துல அம்பது மணி நேரம் பாத்திருக்க. லிமிட்டு நாப்பது. நோட்டு எங்கிட்டத்தான் இருக்கு. நீ எங்கயாவது போய்ப் பேசுனா மொதல்ல போறது உன் விசா. யோசிச்சுக்க.”

அந்த ஐம்பது மணி நேரத்துக்கு ரோஸ்டர் போட்டவன் நான். வரமாட்டேன் என்றவனை, ஆள் இல்லடா தம்பி என்று கெஞ்சி வரவழைத்தவனும் நான். மாணவ விசாவில் படிப்புக் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 40 மணி நேரம் என்ற வரம்பு இருந்தது உண்மை. 2023 ஜூலையிலிருந்து அது 48. ஆனால் வரம்பை மீறியவன் கூலியைக் கேட்கும் உரிமையை இழந்துவிடுவதில்லை. அது மட்டுமில்லை, கூலி விதிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஃபேர் வொர்க் ஒம்பட்ஸ்மனிடம் உதவி கேட்டு வந்து, இனி விதிப்படி நடப்பேன் என்று சொல்லும் தொழிலாளியின் விசாவை, வேறு காரணம் இல்லாதவரை, பொதுவாக ரத்து செய்வதில்லை என்று குடிவரவுத் துறை 2017லேயே அந்த அலுவலகத்தோடு ஏற்பாடு செய்துகொண்டிருந்தது. நான் அவனை மிரட்டியபோது அந்த ஏற்பாடு நடப்பில் இருந்தது. நான் தேடிப் பார்க்கவில்லை. தேடினால் என் கையில் இருந்த ஒரே ஆயுதம் போய்விடும் என்று உள்ளூரத் தெரிந்திருக்க வேண்டும்.

வாரம் 95 டாலர் சம்பளம் காட்டும் ஸ்லிப்புக்கு எந்த ஏஜென்ட் வீடு கொடுப்பார்? யூனிட் கிடைக்கவில்லை. தங்கை ஒரு தெரிந்த குடும்பத்தின் வீட்டில், அவர்கள் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டில் தங்கினாள். 2019 மார்ச்சில் அவன் வேலையை விட்டுப் போனான். போகும்போதும் “வர்றேண்ணே” என்றுதான் சொன்னான்.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கில் கடை மூடியது. எங்களைப் போலத் தற்காலிக விசாவில் இருந்தவர்களுக்கு அரசின் ‘ஜாப்கீப்பர்’ உதவி கிடையாது. ஊருக்குப் போக வேண்டியதுதான் என்று அன்றைய பிரதமர் ஸ்காட் மாரிசன் சொன்னார். 10 டாலரில் இருந்தவனிடம் சேமிப்பு எங்கே இருக்கும்? அந்த ஏப்ரலில் என்னோடு வேலை செய்த பிள்ளைகள் இலவச உணவுப் பொட்டலத்துக்கு வரிசையில் நின்றார்கள். நான் அவர்களுக்குக் கொடுக்காமல் விட்ட பணம் அவர்கள் கணக்கில் இருந்திருந்தால் நின்றிருக்க மாட்டார்கள். நோட்டை நான் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். எதற்கு என்று அப்போது யோசிக்கவில்லை. பிற்பாடு ஒரு அலுவலகத்தில் அக்கவுண்ட்ஸ் வேலை, பி.ஆர்., கல்யாணம் என்று என் வாழ்க்கை நகர்ந்தது.

2023 பிப்ரவரியில் தென்காசிப் பையனிடமிருந்து வாட்ஸ்ஆப் வந்தது. அவன் அப்போது நல்ல வேலையில் இருந்தான். மாணவர்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்லும் ஒரு சட்ட உதவி மையத்தில் யாரையோ சந்தித்திருக்கிறான். குறைத்துக் கொடுத்த கூலியை ஆறு வருடம் வரை கேட்கலாம் என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ‘அண்ணே, அந்த நீல நோட்டு உங்ககிட்ட இருக்கா? நீங்க வந்து சொன்னா போதும்.’ அவ்வளவுதான் எழுதியிருந்தான். கோபமாக ஒரு வார்த்தை இல்லை.

நோட்டு என் அலமாரியில் இருந்தது. நான் பதில் போடவில்லை.

2017 செப்டம்பரிலிருந்து ஆஸ்திரேலியச் சட்டத்தில் ஒரு மாற்றம் உண்டு: பதிவேடு வைக்காத அல்லது பே ஸ்லிப் கொடுக்காத முதலாளி மீது வழக்கு வந்தால், தொழிலாளி சொல்வது தவறு என்று முதலாளிதான் நிரூபிக்க வேண்டும். பே ஸ்லிப் கொடுக்காததால் நிரூபிக்கும் பொறுப்பு எங்கள் முதலாளியுடையதுதான். ஆனால் அவர் எடுத்து நீட்ட எங்கள் கடையில் பதிவேடு இருந்தது. ஒரு அடித்தல் திருத்தம் இல்லாத பதிவேடு. நான் செய்து வைத்தது. அவர் அதை நீட்டினால், பொய் என்று காட்டும் பாடு அந்தப் பையன் தலையில்தான் விழும். அவன் வார்த்தைக்கு எதிராக நின்றது என் கணக்கு. அதை உடைக்கக்கூடிய ஒரே காகிதமும் என்னிடம்தான் இருந்தது.

நான் பயந்தது எதற்கென்றால், ஃபேர் வொர்க் சட்டத்தின் 550ஆம் பிரிவுக்கு. மீறலில் தெரிந்தே பங்கெடுத்தவனும் மீறியவனாகவே கருதப்படுவான். மேனேஜர், சம்பளக் கணக்கு எழுதுகிறவர், வெளியிலிருந்து கணக்குப் பார்க்கும் நிறுவனம் வரை இதில் மாட்டியிருக்கிறார்கள். 2017இல் மெல்பர்னில் ஒரு கணக்கு நிறுவனமே உடந்தை என்று தீர்ப்பானது. தொழிலே அக்கவுண்ட்ஸ் என்பதால் அந்தத் தீர்ப்பை நான் வரிவரியாகப் படித்திருந்தேன். இன்னொன்று, என் குடியுரிமை விண்ணப்பம் அப்போது நிலுவையில் இருந்தது. அதில் நன்னடத்தை பார்ப்பார்கள். குடியுரிமை வரட்டும், பிறகு பேசலாம் என்று முடிவு செய்தேன். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

அந்த முடிவின் விலை என்ன என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆறு வருடம் என்பது ஒவ்வொரு சம்பள நாளிலிருந்தும் தனித்தனியாக எண்ணப்படுகிறது. 2023 பிப்ரவரியில் அவன் கேட்டபோது அவனுடைய முழுப் பாக்கியும் உயிரோடு இருந்தது. அந்த ஜூலையிலிருந்து நான் சும்மா இருந்த ஒவ்வொரு வாரமும், ஒரு வாரக் கூலி காலாவதியானது. 2024 ஜூலையில் எனக்குக் குடியுரிமை விழா நடந்தது. அதற்கும் பிறகு தயங்கி, செப்டம்பரில்தான் அவனுக்குப் போன் செய்தேன். மறுநாளே நோட்டோடு அந்தச் சட்ட உதவி மையத்துக்குப் போனேன். வழக்குப் பதிவாகும்போது அவன் கேட்கக்கூடியதாக எஞ்சியிருந்தது சுமார் ஆறு மாதக் கூலி. முன்னிருந்த பதினைந்து மாதம் போய்விட்டது. வாரம் 20 மணி நேரம் என்று வைத்து, ஞாயிறு விகிதம் எதையும் சேர்க்காமல், நானே கணக்குப் போட்டேன்: ஏறத்தாழ 17,000 டாலர். ஒன்பது லட்சம் ரூபாய்க்கு மேல். முதலாளி குறைத்துக் கொடுத்தார் என்றால், திரும்பி வரவே முடியாதபடி செய்தவன் நான்.

வழக்கறிஞர் முன்னிலையில் எல்லாவற்றையும் சொல்லிக் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறேன், நாலு மணி நேரம் என்ற எண் யாருடைய யோசனை என்பது உட்பட. என்மேல் நடவடிக்கை வரலாம். வழக்கு முடியாததால் அதைப் பற்றி இதற்கு மேல் எழுதக் கூடாது. 2025 ஜனவரி முதல், வேண்டுமென்றே கூலியைக் குறைப்பது ஆஸ்திரேலியா முழுவதும் கிரிமினல் குற்றம். பத்து வருடம் வரை சிறை உண்டு. அந்தச் சட்டம் பின்னோக்கிச் செல்லாது. சென்றிருந்தால் நான் அந்த மையத்தின் படியேறியிருப்பேனா என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். ஆம் என்று சொல்லத் தைரியம் வரவில்லை.

போன பணத்தை என் சம்பளத்திலிருந்து தருகிறேன் என்று அவனிடம் சொன்னேன். “உங்க காசு எனக்கு எதுக்குண்ணே? மத்தவங்கள கூப்பிட்டுச் சொல்லுங்க” என்றான். அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். பாதி எண்கள் வேலை செய்யவில்லை. சிலர் ஊருக்கே போய்விட்டார்கள். அங்கிருந்தும் வழக்குப் போடலாம் என்று விளக்கினேன். ஒருவன் போனைக் கேட்டுவிட்டு வைத்துவிட்டான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களிடம் கவுண்டரில் நின்ற தங்கச்சி ஒருத்தி முழுக்கக் கேட்டாள். “இப்ப ஏன் அண்ணா சொல்லுறியள்? அப்ப நான் உங்களிட்டத் தானே கேட்டனான்” என்றாள். அவள் கேட்டது எனக்கு நினைவில்லை. அதுவும் என் குற்றம்தான். என் பதிலால் ஒருத்தியின் வருமானம் பாதியானது, எனக்கு அது ஞாபகத்தில்கூடத் தங்கவில்லை.

இதை 2025இன் நடுவில் எழுதுகிறேன். 2025 ஜூலையிலிருந்து குறைந்தபட்சக் கூலி 24.95 டாலர், கேஷுவலுக்கு 31 டாலருக்கு மேல். சென்ற மாதம் ரயிலில் பேச்சுக் கொடுத்த ஒரு பையன் 15 வாங்குகிறேன் என்றான். யார் வேலை வாங்கிக் கொடுத்தது என்று கேட்டேன். “நம்ம அண்ணா ஒருத்தர்” என்றான். ஒம்பட்ஸ்மன் அலுவலகத்தின் 13 13 94 என்ற எண்ணை அவன் போனில் ஏற்றிக் கொடுத்தேன். கூலிச் சுரண்டலை எதிர்த்து நிற்பவர்கள் நாட்டில் தங்கிப் போராடுவதற்கென்றே 2024 ஜூலையிலிருந்து தனி விசா இருப்பதையும் சொன்னேன். உங்கள் அண்ணா சொல்வதை நம்பாதே என்று சொல்ல வாய் வந்தது. நான் யார் அதைச் சொல்ல என்று நிறுத்திக்கொண்டேன். சொல்லியிருக்க வேண்டும்.

என்னோடு அந்தக் கடையில் வேலை செய்தவர்கள் இதைப் படிக்க நேர்ந்தால் ஒரு விவரம். கடை மூடிய 2020 மார்ச் வரை வேலை செய்தவர்களின் கடைசிச் சம்பளங்களுக்கு 2026 மார்ச் வரைதான் அவகாசம். முன்னால் விட்டுப் போனவர்களுக்கு அதற்கும் குறைவு, நான் இதை எழுதும்போதே வாரா வாரம் குறைந்துகொண்டிருக்கிறது. ஒரு லட்சம் டாலர் வரையிலான பாக்கியைச் சிறு வழக்கு முறையிலேயே கேட்கலாம். உங்கள் பெயர் உள்ள பக்கங்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன். கேளுங்கள், அன்றைக்கே அனுப்புகிறேன். நீதிமன்றத்துக்கு வந்து, இது என் கையெழுத்து, இதுதான் நிஜக் கணக்கு என்று சொல்கிறேன்.